ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி பழிவாங்கும்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பக்கத்து மலைக்குக் கிளம்பினால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "இந்த வயசுல ஏற முடியுமா?" என்பதுதான். கேள்வி தப்பான திசையில் இருக்கிறது. ஏறுவது பெரும்பாலானவர்களால் முடிகிற காரியம்தான். நின்று நின்று, பேசிக்கொண்டே ஏறினால் நேரம் கூடும், அவ்வளவே. ஏற்றத்தில் உடம்பு தானாகவே எச்சரிக்கை கொடுக்கும். மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், கால் கெஞ்சும், நாமும் நின்றுவிடுவோம். காரும் அப்படித்தான். ஏற்றத்தில் இன்ஜின் முனகும், வெப்பமானி முள் ஏறும், கிளட்ச் கருகும் வாடை வரும்.

இறக்கத்தில் இந்த எச்சரிக்கை எதுவும் இல்லை. மூச்சு சீராக இருக்கும், மனசு லேசாக இருக்கும், வண்டி சத்தமில்லாமல் உருளும். உள்ளே முட்டியும் பிரேக்கும் சூடேறிக்கொண்டிருப்பது கடைசி கட்டம் வரை தெரியாது. மலையில் நடப்பவர்கள் விழுவதும், மலைச்சாலையில் பிரேக் பிடிக்காமல் போவதும் பெரும்பாலும் திரும்பி வரும் வழியில்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 6 கிலோ பையைச் சுமந்துகொண்டு 450 மீட்டர் உயரம் இறங்கினால், அவர் கால்கள் உள்வாங்கிக் கரைக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 3,35,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். அடிக்கு 15 செ.மீ. இறங்குகிறார் என்று வைத்தால் மொத்தம் 3,000 அடிகள், ஒரு காலுக்கு 1,500. அதே கணக்கில் 1,500 கிலோ கார் ஒன்று 600 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் 26 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அந்தச் சூட்டை நான்கு பிரேக்குகளிடம் கொடுப்பதா, இன்ஜினோடு பகிர்ந்துகொள்வதா என்பதை ஓட்டுபவர்தான் தீர்மானிக்கிறார்.

அதனால் பயணத்தை இறக்கத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவதுதான் சரி.

நேரம்

நடை நேரத்துக்கு மலையேறிகள் இன்றும் பயன்படுத்தும் சூத்திரம் 1892-இல் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது. மெட்ரிக் அளவில் சொன்னால், 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். போக வர 8 கி.மீ., ஏற்றம் 450 மீட்டர் என்றால் 1 மணி 36 நிமிடமும் 45 நிமிடமும் சேர்த்து 2 மணி 21 நிமிடம்.

இது உடற்கட்டுள்ள, நிற்காமல் நடக்கிற ஆளுக்கான கணக்கு. அறுபதைத் தாண்டியவர்கள் ஒன்றரையால் பெருக்கிக்கொள்வது நல்லது. அப்போது மூன்றரை மணி நேரம் ஆகிறது. மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வு சேர்த்தால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பின்னாளில் மலையேற்றக் கையேடு எழுதிய எரிக் லாங்மூர் இதில் ஒரு திருத்தம் சேர்த்தார்: மிதமான சரிவில் இறங்கினால் 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் கழிக்கலாம், 12 டிகிரிக்கு மேல் செங்குத்தான சரிவென்றால் பத்து நிமிடம் கூட்ட வேண்டும். வயதான முட்டிக்குக் கழித்தல் கணக்கே வேண்டாம், கூட்டல் மட்டும் போதும் என்பது எங்கள் கட்சி.

வந்த எண்ணை வைத்துத் திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துவிட வேண்டும். இந்த நாலு மணிச் சொச்சத்தில் ஏறும் பாதிக்கே இரண்டே முக்கால் மணி நேரம் போய்விடும். ஆகவே காலை 7 மணிக்குக் கிளம்பினால், 9:45-க்கு எங்கே நிற்கிறோமோ அங்கேயே திரும்புவது. உச்சி இன்னும் 200 மீட்டர்தான் என்பது ஒரு காரணமே இல்லை. மலைகளில் மதியத்துக்கு மேல் மேகம் கூடி இடியோடு மழை வருவது சகஜம். மேற்கே உயர்ந்த முகடு இருந்தால் நாட்காட்டி சொல்லும் நேரத்துக்கு வெகு முன்பே வெயில் மறைந்துவிடும். கையை நீட்டி, நான்கு விரலைப் படுக்க வைத்து, சூரியனுக்கும் முகட்டு விளிம்புக்கும் நடுவே எத்தனை விரல் அடங்குகிறது என்று பாருங்கள். ஒரு விரலுக்கு ஏறத்தாழ 15 நிமிடம். தோராயம்தான், ஆனால் பேட்டரி தேவையில்லாத கடிகாரம்.

இருட்டுக்கு முன் காருக்கும், முடிந்தால் தார்ச்சாலைக்கும் வந்துவிட வேண்டியதற்குக் கண்ணும் ஒரு காரணம். வயதாக ஆகக் கண்மணி சிறுத்துப்போகிறது, விழிவில்லை மஞ்சள் பூக்கிறது. 60 வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம் 20 வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எதிர் வண்டியின் விளக்கு கூசினால் பார்வை தெளியவும் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆரம்பநிலைக் கண்புரை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

முட்டியும் அதன் கூட்டாளிகளும்

இறங்கும்போது தொடையின் முன்தசை ஒரு விசித்திரமான வேலை செய்கிறது. நீண்டுகொண்டே இறுக்கிப் பிடிக்கிறது. கயிற்றை விட்டுக்கொண்டே வாளியைத் தாங்குவது மாதிரி. தசை நாரில் நுண்ணிய சேதம் உண்டாவது இந்த வேலையில்தான். வலி அன்றைக்கே வராது, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வரும். முதல் நாள் நடந்துவிட்டு "ஒண்ணும் ஆகலையே" என்று மறுநாளும் கிளம்பியவர்கள் மூன்றாம் நாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார்கள்.

நல்ல சேதி என்னவென்றால், இந்தத் தசை சீக்கிரம் பழகிக்கொள்ளும். தட்டையான தரையில் தினம் ஒரு மணி நேரம் நடப்பது இதற்கு உதவாது. இறங்கிப் பழக வேண்டும். 20 செ.மீ. உயரமுள்ள ஒரு படியில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறக்கி, மறுபடி நிமிருங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். முட்டி உள்பக்கம் சாயாமல் கால் விரல்களுக்கு நேராகப் போகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். சாய்ந்தால் படியின் உயரத்தைப் பாதியாக்குங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் இதைச் செய்தவரையும் செய்யாதவரையும் முதல் இறக்கத்திலேயே பிரித்துச் சொல்லிவிடலாம். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து விநாடி தடுமாறாமல் நிற்க முடியாதவர்கள் கற்கள் நிறைந்த தடத்துக்கு இப்போதே போக வேண்டாம்.

முதல் நடைக்கு 5 கி.மீ. தூரமும் 150 மீட்டர் ஏற்றமும் போதும். தூரத்தையும் உயரத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டாதீர்கள்.

இறங்கும் முறைக்கும் ஒரு நுட்பம் உண்டு. பயம் வந்தால் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போகும், குதிகால் வழுக்கும், உட்கார்ந்த வாக்கில் விழுவோம், கை பின்னால் ஊன்றும், மணிக்கட்டு முறியும். மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே இருக்கும்படி சற்றே முன்வந்து, முட்டியை லேசாக மடக்கி, குட்டிக் குட்டி அடியாக வைக்க வேண்டும். செங்குத்தான இடத்தில் பாம்பு போல் வளைந்து வளைந்து இறங்குங்கள். கெட்டியான பாறைமேல் சரளை சிதறிக் கிடக்கும் இடம்தான் மோசமான இடம். பார்க்கத் தரை மாதிரி இருக்கும், கால் வைத்தால் குண்டு பேரிங் மாதிரி உருளும். அங்கே பாதத்தை முழுசாகப் பதித்து, எடையை மாற்றும் முன் ஒரு கணம் சோதியுங்கள்.

இதற்கெல்லாம் நடைக்கம்பு இரண்டு வேண்டும். ஒன்று போதாது, ஒரு பக்கமே சாய வைக்கும். சமதரையில் பிடிக்கும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்குவது சரியான நீளம். ஏற்றத்தில் 5 செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள், இறக்கத்தில் 5 முதல் 10 செ.மீ. கூட்டுங்கள். வாங்கும்போது முறுக்கிப் பூட்டும் வகையைவிட நெம்புகோல் பூட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள். விரல் மூட்டு வலி உள்ளவர்களால் முறுக்கு வகையை இறுக்கமாகப் பூட்ட முடியாது, அது சறுக்கி உள்ளே போவதும் எடை முழுதும் சாய்ந்திருக்கும் இறக்கத்தில்தான். ஒவ்வொரு முறையும் பூட்டிய பிறகு உடம்பின் பாதி எடையைக் கொடுத்து அழுத்திப் பாருங்கள். கம்பின் பட்டையில் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்துப் பிடித்தால் மணிக்கட்டு எடை தாங்கும், விரல்கள் ஓய்வாக இருக்கும். கால் வழுக்கும் இடங்களில் மட்டும் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழும்போது கம்பு கையோடு மாட்டிக்கொண்டால் கட்டை விரல் திருகிக்கொள்ளும்.

அலமாரியில் பத்து வருஷமாகப் பத்திரமாக இருக்கும் மலையேற்றக் காலணியை நம்பாதீர்கள். பல காலணிகளின் நடு அடிப்பகுதி பாலியூரித்தேன். காற்றின் ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். அதிகம் போடாமல் பூட்டி வைத்ததே அதற்குக் கேடு. வெளியே புதிதாகத் தெரியும், மலைமேல் இரண்டாம் மணி நேரத்தில் அடித்தட்டு முழுசாகப் பிரிந்து வாய் பிளக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு கட்டைவிரலால் நடு அடியை அழுத்துங்கள். பொடியாக உதிர்ந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ குப்பைக்கு. வழியில் பிரிந்துவிட்டால் துணி டேப்பால் முன்னும் நடுவுமாக நாலு சுற்று சுற்றிக் கட்டினால் கீழே வந்து சேரலாம். அதற்காகவே நடைக்கம்பின் தண்டில் இரண்டு மீட்டர் டேப்பைச் சுற்றி வைத்துக்கொள்வது பழக்கமாகட்டும்.

புதுக் காலணி என்றால், பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில், மலைக்குப் போடும் தடித்த காலுறையோடு போய் வாங்குங்கள். சாய்தளத்தில் முகம் கீழ்நோக்கி நின்றால் விரல் முன்னே இடிக்கக் கூடாது. இடித்தால் 3,000 அடிக்குப் பிறகு பெருவிரல் நகம் கறுத்துவிடும். இறங்கும் முன் கணுக்கால் பக்கத்து நாடாவை மறுபடி இறுக்கிக் கட்டுவதும் இதற்காகத்தான்.

மூக்குக் கண்ணாடி விஷயம் பலர் யோசிக்காதது. கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்ந்த கண்ணாடியின் கீழ்ப்பாதி, புத்தகம் படிக்கும் தூரத்துக்கானது. இறங்கும்போது குனிந்த பார்வை அந்தக் கீழ்ப்பாதி வழியாகப் போகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் படிக்கல் மங்கலாக, இருக்கும் உயரத்தைவிட வேறு உயரத்தில் தெரிகிறது. தூரப் பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்று செய்து மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் பார்க்கச் சட்டைப்பையில் ஒரு படிப்புக் கண்ணாடி.

மாத்திரை டப்பா

மருத்துவரிடம் "மலைக்குப் போகலாமா" என்று கேட்டால் பொதுப் பதில்தான் வரும். "இந்த மாத்திரைகளோடு நாலு மணி நேரம் ஏறி இறங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்" என்று கேளுங்கள்.

பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை) எடுப்பவர்களின் நாடித்துடிப்பு உழைப்புக்கேற்ப ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகம் கூட்டக் கூடாது. ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்பதே அவர்களுக்கான அளவுகோல். மற்றவர்களுக்கும் அது மோசமில்லை. சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால், வியர்த்த உடம்போடு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழும்போது தலை சுற்றும். பள்ளத்தின் விளிம்பில் அது நடக்கக் கூடாது. ஓய்வுக்கு உட்காரும் இடத்தைப் பாதையின் மலைப்பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது மட்டுமல்ல, அன்று இரவும் சர்க்கரை இறங்கலாம். 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறு பரிசோதனை, தேவைப்பட்டால் இன்னொரு 15 கிராம் என்பது வழக்கமான முறை. குளுக்கோஸ் பையின் அடியில் இருந்து பயனில்லை, கைக்கெட்டும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் இன்சுலினை விட்டுவிட்டு நடக்கப் போகாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் தலை அடிபட விழுந்தால், எழுந்து நன்றாகப் பேசினாலும் நடையை அங்கேயே முடித்து மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

வயது ஏற ஏறத் தாகம் தாமதமாகத்தான் தெரியும். மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டு, தாகத்துக்குக் காத்திராமல் சிறு வாயாகக் குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொள்வதும் தப்பு. ரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் வாந்தியும் வரும். உப்பும் சேரட்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்து தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்டவர்கள் அந்த அளவைத்தான் பின்பற்ற வேண்டும்.

2,500 மீட்டருக்கு மேல் போகும் சாலை என்றால், காரில் சில மணி நேரத்தில் ஏறிவிடுவதால் உடம்பு பழக நேரம் கிடைப்பதில்லை. தலைவலியோடு குமட்டல் வந்தால் இன்னும் ஏறாதீர்கள். மோசமானால் இறங்குவதே மருந்து. வெப்பம் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 28 டிகிரி என்று அரைக்கைச் சட்டையோடு கிளம்பினால் 1,500 மீட்டர் மேலே 18 டிகிரி, காற்றும் நனைந்த பருத்திச் சட்டையும் சேர்ந்தால் நடுக்கம்தான்.

கிளம்பும் முன் வண்டி

ஓய்வு பெற்றவர்களின் காருக்கு ஒரு தனி நோய் உண்டு: குறைவாக ஓடுவது. கி.மீ. எண்ணிக்கை குறைவாக இருப்பதால் எல்லாம் புதிதாகவே இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடும். ஆனால் டயர், பிரேக் ஆயில், பேட்டரி மூன்றும் ஓட்டத்தால் மட்டுமல்ல, காலத்தாலும் கெடுகிறவை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் வெடிப்பு பார்க்க வேண்டும். பத்து வருஷம் ஆனதை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள், பல கார்களில் கிழவன் அதுதான். அதில் காற்று இருக்கிறதா என்பதையும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரியாவது தாங்கும், ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140. டாட் 4 வகைக்கு 230, ஈரம் ஏறினால் 155. நீண்ட இறக்கத்தில் இந்தச் சூடு எட்டக்கூடியதே. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது, எத்தனை கி.மீ. ஓடியிருந்தாலும்.

அடுத்தது வீல் நட்டு. சாதாரணக் கார்களில் இதன் இறுக்கம் 110 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். வண்டியோடு வரும் 20 செ.மீ. ஸ்பானரால் அதைக் கழற்ற நுனியில் 56 கிலோ அழுத்தம் வேண்டும். பட்டறையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியிருந்தால் இன்னும் கூட. அதே நட்டுக்கு 60 செ.மீ. கைப்பிடி இருந்தால் 19 கிலோ போதும். எழுபது வயதில் இந்த வித்தியாசம்தான் டயரை மாற்றுவதற்கும் யாராவது வருவார்களா என்று காத்திருப்பதற்கும் இடையிலானது. நீளமான ஸ்பானர் ஒன்றை வாங்கி, வீட்டு வாசலில் ஒரு முறை ஐந்து நட்டையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஜாக்கி ஏற்றும் முன், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்த வேண்டும். சரிவில் ஜாக்கி போடவே கூடாது. பஞ்சரான டயர் நாசமானாலும் பரவாயில்லை, சமமான இடம் வரை ஊர்ந்து போங்கள்.

மண் சாலையில்

மலையின் உள் மண்சாலைகளில் சராசரி வேகம் மணிக்கு 15 முதல் 20 கி.மீ. வரைபடத்தில் 30 கி.மீ. என்று இருப்பது இரண்டு மணி நேரம். டீசலோ பெட்ரோலோ, போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று கணக்கிடுங்கள். வழி காட்டும் செயலி குறைந்த தூரத்தைத்தான் பார்க்கும், சாலை மழையில் அரித்துக் கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், சிக்னல் போகும் இடம் எப்போதும் கிளைச்சாலை பிரியும் இடமாகவே இருக்கும்.

கல்லும் குழியுமான சாலையில் டயர் காற்றை 33 பிஎஸ்ஐ-யிலிருந்து 27 அளவுக்கு இறக்கினால் டயர் கல்லைச் சுற்றி வளைந்துகொடுக்கும், பிடிமானம் கூடும், முதுகும் பிழைக்கும். ஆனால் அந்தக் காற்றோடு தார்ச்சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடேறிக் கெடும். ஆகவே 12 வோல்ட் காற்றுப் பம்பு இல்லாதவர்கள் காற்றை இறக்கவே வேண்டாம். ட்யூப்லெஸ் டயரின் நடுப்பகுதிப் பஞ்சரை ரப்பர் திரியால் அடைக்கலாம். பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது, ஸ்டெப்னிதான். அதோடு அன்றைய பயணம் முடிந்தது, திரும்ப வேண்டும்.

வாகனம் ஒதுங்க இடமுள்ள ஒவ்வொரு அகலத்தையும் போகும்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். எதிரே வண்டி வந்தால் ஏறுகிறவருக்கு வழிவிடுவது மரபு; ஆனால் யாருக்கு ஒதுங்குமிடம் பக்கத்தில் இருக்கிறதோ அவர் பின்வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பின்னால் எடுக்கும்போது துணைக்கு வந்தவர் இறங்கி, மலைப்பக்கமாக, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்கட்டும். காருக்கு நேர் பின்னால் ஒருபோதும் வேண்டாம். குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டி வந்தால், முகம் பள்ளத்தைப் பார்க்கவும் வால் மலையைப் பார்க்கவும் திருப்புங்கள். பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் விளிம்பில் நிறுத்த முடியும். பின்பக்கம் போனால் பம்பர் மண்ணில் இடிப்பதோடு சரி. புகைக்குழாயில் மண் அடைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

ஓடும் தண்ணீரில் 15 செ.மீ. ஆழமே ஆளைச் சாய்த்துவிடும், 30 செ.மீ. சிறிய காரை மிதக்க வைத்துவிடும். அடி தெரியாத ஓடையைக் கடக்க எந்தக் காரணமும் போதுமானதல்ல. சாலையில் புதிதாக உடைந்த, பாசி இல்லாத கற்கள் கிடந்தாலோ, ஓரத்தில் நீளவாக்கில் வெடிப்பு தெரிந்தாலோ மேலே சரிவு அசைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே நின்று படம் எடுக்காதீர்கள்.

இறக்கச் சாலை

எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். இன்றைய இன்ஜின்களுக்கு அதைவிட ஒன்று குறைவாகவும் தேவைப்படலாம். சரிவு தொடங்கிய பிறகு கியரைக் குறைக்கத் தேடாதீர்கள். வளைவுக்கு முன்பே, மேட்டின் உச்சியிலேயே குறைத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியை வெறும் 'டி'யில் விட்டால் பல மாடல்களில் அது வேகம் கூடக் கூட மேல் கியருக்கே தாவும். 'எல்', 'எஸ்' அல்லது கையால் மாற்றும் நிலைக்குக் கொண்டுவந்து இன்ஜினைப் பிடிக்க வையுங்கள். சில ஹைபிரிட் கார்களில் இதற்கு 'பி' (B) என்ற நிலை இருக்கும்; நிறுத்தும்போது போடும் 'பி' (P) அல்ல. மின்சாரக் காரில் இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து பேட்டரியை ஏற்றும். ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அந்தப் பிடிப்பு பெரிதும் குறைந்துவிடும். மலை உச்சி விடுதியில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கத் தொடங்குவது அதனால்தான் தப்பு.

நியூட்ரலில் உருட்டி எரிபொருள் மிச்சம் பிடிப்பது பழைய கார்ப்பரேட்டர் காலத்து நினைப்பு. இன்றைய கார்கள் கியரில் ஓடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடுவதற்குக் கொஞ்சம் குடிக்கும். சாவியையே அணைத்துவிட்டால் இன்னும் ஆபத்து: பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி இரண்டு மூன்று அழுத்தலில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம்.

பிரேக்கில் காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்குவதுதான் ஜாக்கிரதையான ஓட்டுதல் என்று பலர் நினைக்கிறார்கள். பிரேக்குக்கு ஆறும் இடைவெளி கிடைக்காது. வேகம் 40 தொட்டதும் உறுதியாக அழுத்தி 30-க்குக் கொண்டுவந்து, முழுசாகக் காலை எடுத்துவிடுங்கள். மறுபடி 40 தொடும்வரை இன்ஜின் பார்த்துக்கொள்ளும். அடிக்கடி 40 தொடுகிறதென்றால் கியர் இன்னும் குறைய வேண்டும்.

பிரேக் கெடுவது இரண்டு விதம், இரண்டும் காலில் வேறு வேறாகத் தெரியும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி பிடிக்கவில்லை என்றால் பட்டைகள் சூட்டில் வழுக்குகின்றன. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் ஆயில் கொதித்துவிட்டது. இரண்டுக்கும் முன்னால் பெரும்பாலும் கருகிய வாடை வரும். வந்ததும் ஒதுங்கி நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, தகடு கோணிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்தவும் வேண்டாம். சூடான தகடு ஆறிச் சுருங்கும்போது அதன் பிடி தளரலாம். முகம் கீழ்நோக்கி இருந்தால் ரிவர்ஸ் கியர், மேல்நோக்கி இருந்தால் முதல் கியர், முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி, சக்கரத்துக்கு அடியில் ஒரு கல். இப்படி நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

இரண்டு சாவி

தம்பதியாகவோ நண்பர்களாகவோ இருவர் போனால் கார்ச்சாவி இரண்டும் இருவரிடம் தனித்தனியே இருக்க வேண்டும். ஒருவர் வழுக்கி விழுந்து மற்றவர் உதவிக்கு ஓடும்போது சாவி எந்தப் பையில் என்று தேட நேரமிருக்காது. அதைவிட முக்கியம், இருவரும் அந்தக் காரை ஓட்டத் தெரிந்தவர்களாக இருப்பது. எப்போதும் ஒருவரே ஓட்டும் வீடுகளில் இது பெரிய ஓட்டை. ஓட்டுநரின் வலது கணுக்கால் பிசகிவிட்டால் பிரேக்கை யார் மிதிப்பது? உரிமம் வைத்திருந்தும் பல வருஷமாக ஓட்டாத துணை, மாதம் ஒரு முறையாவது அதே வண்டியை ஓட்டிப் பழகட்டும்.

போகும் பாதை, வண்டி நிற்கும் இடம், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் உதவிக்கு அழைக்க வேண்டும் என்ற நான்கையும் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். போனை நடக்கும்போது விமானப் பயன்முறையில் வையுங்கள்; சிக்னல் தேடித் தேடித்தான் பேட்டரி காலியாகிறது. அழைப்பு போகாத மங்கிய சிக்னலிலும் குறுஞ்செய்தி சில நேரம் போய்விடும். ஆளுக்கொரு விசில் கழுத்தில் தொங்கட்டும். மலைகளில் உதவி கேட்கும் சர்வதேசக் குறி, ஒரு நிமிடத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று ஊதிப் பதில் சொல்வார். பதில் வந்த பிறகும் ஆள் வந்து சேரும்வரை ஊதிக்கொண்டே இருங்கள், அவர் திசை பிடிக்க அந்தச் சத்தம்தான் வழி.

வீடு திரும்பிய அன்றே இரண்டு வேலை பாக்கி இருக்கும். டயர் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றி, குனிந்து டயர்களின் உள்பக்கச் சுவரை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கல் கிழித்த வெட்டு அங்கேதான் ஒளிந்திருக்கும். நடைக்கம்பின் துண்டுகளைத் தனித்தனியாகக் கழற்றித் துடைத்து, பூட்டாமல் காய வையுங்கள். ஈரத்தோடு பூட்டி மூலையில் சாய்த்து வைத்தால் உள்ளே இறுகிக்கொண்டு, அடுத்த மாதம் கிளம்பும் காலையில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும்.